ப்ரூனோவோடு பன்னிரண்டு வருடங்கள்

வீட்டு நாய் தரும் சந்தோஷம், சுமை, பிரிவு: சிறப்புக் கட்டுரை

“ப்ரூனோ யாருங்க?”

சீட்டைப் பார்த்து உதவியாளர் குரல் கொடுக்கிறார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு அம்மா, “நாங்கதான் சார், நாங்கதான்” என்று பதறி எழுந்து வருகிறார். அவருக்குப் பின்னால் கணவரும் பள்ளிச் சீருடையில் ஒரு பையனும், பழைய பெட்ஷீட்டின் நான்கு முனைகளையும் தொட்டில் போலப் பிடித்துக்கொண்டு ஒரு லேப்ரடாரைத் தூக்கி வருகிறார்கள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். மருத்துவர் அதன் மேலுதட்டை விலக்கி, ஈறைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடக்கிறது. காதைத் திருப்பினால் மடிப்புக்குள் வரிசையாக உண்ணிகள். முன்னங்காலில் கொஞ்சம் ரோமத்தை மழித்து, நரம்பைத் தேடிப் பிடித்து, ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள். பையன் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஸ்கூலுக்கு மணி ஆகிவிட்டது. அதைப் பற்றி அம்மாவும் பேசவில்லை, அப்பாவும் பேசவில்லை.

சென்னை வேப்பேரியில், 1903-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் எந்த நாள் காலையிலும் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்க்கலாம். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வந்த பொமரேனியன், தோள் துண்டில் சுற்றிக் கொண்டுவரப்பட்ட தெருக்குட்டி, ஆட்டோவில் வந்த ராஜபாளையம் எல்லாம் ஒரே வரிசையில் காத்திருக்கின்றன. கூலித் தொழிலாளியும் பங்களாக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களுது என்ன சாப்பிடுது?” என்று விசாரித்துக்கொள்ளும் இடம் இந்த நகரத்தில் வேறு அதிகம் இல்லை.

2025 கடைசியில் எங்கும் வீட்டு நாய்தான் பேச்சாக இருந்தது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றது. உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. கிளினிக்குகளின் முன்னால் நீண்ட வரிசை நின்றது. “இத்தனை நாள் இல்லாத சட்டம் இப்ப எதுக்கு?” என்று ஒரு பக்கம் கோபம். “பார்க்குக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக பயமா இருக்கே” என்று இன்னொரு பக்கம் ஆதங்கம். இரண்டுமே நியாயமான குரல்கள். ஆனால் நாய் வளர்ப்பின் உண்மையான சுகமும் துக்கமும் அபராதத் தொகையில் இல்லை. அவை வீட்டுக்குள் இருக்கின்றன.

வாசலிலிருந்து சோபாவுக்கு

ஒரு தலைமுறைக்கு முன்பு நாய் வாசலில் இருந்தது. பெயர் மணி, ஜிம்மி, கருப்பன். மிச்சம் மீதி சோறு, மழை வந்தால் திண்ணை, நோய் வந்தால் அதன் விதி. இன்று அது ப்ரூனோ, சிம்பா, லூனா. படுப்பது சோபாவில், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறார்கள். இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போனது. நாடு முழுவதும் பக் கேட்டு அலைந்தார்கள். பிறகு கொரோனா ஊரடங்கு வந்தது. வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்காக, தனிமைக்குத் துணையாக, பலர் குட்டி வாங்கினார்கள். தனிக்குடித்தனமும் அபார்ட்மென்ட் வாழ்க்கையும் சேர்ந்துகொண்டன. தாத்தா பாட்டி இல்லாத வீட்டில், பள்ளி விட்டு வரும் பிள்ளையை வாசலில் எதிர்கொள்ள ஒரு ஜீவன் இருந்தால் போதும் என்று நினைத்த பெற்றோர் எத்தனையோ பேர்.

---
பெட்டிச் செய்தி: கல்லில் நிற்கும் கோவிவன்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைத் தனியாகப் பொறித்திருக்கிறார்கள். வளர்த்தவனின் பெயரோடு நாயின் பெயரும் 1,400 ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது.

---

கதவு திறக்கும் நேரம்

நாய் வளர்ப்பவர்களிடம் “என்ன சந்தோஷம் கிடைக்கிறது?” என்று கேட்டால் பெரிய பதில் வராது. சாயங்காலம் கதவைத் திறக்கும் அந்த அரை நிமிடத்தைச் சொல்வார்கள். லிஃப்ட் நிற்கும் சத்தத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துகொண்டு கதவின் பின்னால் மூக்கை வைத்து உறிஞ்சும் சத்தம். திறந்ததும் வால் மட்டுமல்லாமல் இடுப்பே ஆடும். வாயில் எதையாவது, ஒரு செருப்பையோ கிழிந்த பொம்மையையோ, கவ்விக்கொண்டு வந்து காலடியில் போடும். ஆபீசில் திட்டு வாங்கி வந்தாலும், பரீட்சையில் மார்க் குறைந்து வந்தாலும் அந்த வரவேற்பு குறையாது. பத்து வருஷத்தில் ஒரு நாள்கூடக் குறையாது. மனிதர்களிடம் இப்படி ஒன்றை நாம் எதிர்பார்க்கவே முடியாது.

இதற்கு உடலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடியிருந்தது. தாயும் குழந்தையும் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது சுரக்கும் அதே ஹார்மோன். மனிதர்கள் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்ததில் நாய் நம் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. “என் பையன்” என்று ஒருவர் தன் நாயைச் சொல்லும்போது சிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அதிகாலை நடைப்பயிற்சியில் இன்னொரு உலகம் இருக்கிறது. அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. “சிம்பா அப்பா இன்னைக்கு வரலையா?”, “லூனா அம்மாவுக்கு முட்டி வலியாம்” என்றுதான் பேச்சு. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்த பெரியவர்களை இந்தக் கயிறு தினமும் இரண்டு வேளை இழுத்துக்கொண்டு வருகிறது. நடை, நாலு பேரோடு பேச்சு, நேரத்துக்கு எழுந்திருத்தல் என்று எந்த டாக்டர் சொல்லியும் கேட்காதவர்கள் நாய்க்காகக் கேட்கிறார்கள். மனைவியை இழந்த ஒருவருக்கு, காலையில் கட்டிலை விட்டு எழ ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் ஐந்து மணிக்கே வந்து போர்வையை இழுக்கிறது.

தவிர்த்திருக்கக்கூடிய கண்ணீர்

வேப்பேரி வரிசையில் அழும் குடும்பங்களில் பலரை மருத்துவர்கள் முன்கூட்டியே பார்த்திருந்தால், அந்த அழுகை தேவைப்பட்டிருக்காது. முதலாவது பார்வோ. 1978 வாக்கில்தான் இந்த வைரஸ் உலகுக்குத் தெரியவந்தது. ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரையிலான குட்டிகளைக் குறிவைக்கிறது. காலையில் துள்ளிய குட்டி மாலையில் சுருண்டு படுக்கும். வாந்தி, பிறகு ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ட்ரிப்ஸ் ஏற்றிச் சில குட்டிகளைக் காப்பாற்றலாம். பல குட்டிகள் இரண்டு மூன்று நாளில் போய்விடும். இந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவரக் கூடாது. பிள்ளை அழுகிறானே என்று அடுத்த வாரமே ஒன்று வாங்கி, அதையும் புதைத்த வீடுகள் உண்டு.

தடுப்பு மிக எளிது. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி; மூன்று நான்கு வார இடைவெளியில் பூஸ்டர்; 16 வாரம் ஆகும்வரை இதைத் தொடர வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு வருடா வருடம். குட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குபவர்கள், “ப்ரீடர் எல்லா ஊசியும் போட்டாச்சுன்னு சொன்னார்” என்று வெறும் வாய்ச்சொல்லை நம்பிவிடுகிறார்கள். மருத்துவர் கையெழுத்தும், ஊசி மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கரும் இல்லாத அட்டையை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கொழுத்து வளரும் உண்ணி. உண்ணி பார்ப்பது ஒரு தனி வேலை. வெளிச்சத்தில் உட்கார்ந்து நாயை மடியில் சாய்த்து, காது மடலை வெளியே திருப்பி, கால் விரல்களுக்கு நடுவே பிரித்து, கழுத்துப்பட்டைக்கு அடியில் விரலை விட்டுத் தடவ வேண்டும். ரத்தம் குடித்தது சாம்பல் நிறத்தில் உளுந்து அளவுக்குத் தட்டுப்படும். நசுக்கக் கூடாது. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ போட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இந்தப் பூச்சி எர்லிக்கியா, பபீசியா போன்ற கிருமிகளை ரத்தத்தில் விட்டுவிட்டுப் போகிறது. தட்டணுக்கள் விழுகின்றன, ரத்தசோகை வருகிறது, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் ஒழுகும். எர்லிக்கியாவைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சுமார் நான்கு வார மாத்திரையில் சரியாகும். “ஒரு நாள் சாப்பிடலைன்னா என்ன, வெயில்தானே” என்று விட்டுவிட்டால் ரத்தம் ஏற்றும் நிலை வந்துவிடும்.

மூன்றாவது, நம் அன்பு. சர்க்கரைப் பொங்கலில் போட்ட உலர்திராட்சை, பிள்ளைகள் ஊட்டும் சாக்லேட், வெங்காயம் போட்ட குழம்புச் சோறு எல்லாம் நாய்க்கு விஷம். காய்ச்சல் என்று நாமே மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் ஈரலும் சிறுநீரகமும் கெடலாம். கத்திரி வெயிலில் மத்தியான நடை, பனிப் பிரதேசத்து ஹஸ்கியை நாள் முழுக்க பால்கனியில் அடைப்பது ஆகியவற்றையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூக்கு சப்பையான பக், புல்டாக் போன்றவற்றுக்கு அந்த இரைப்பே திணறல். தீபாவளிக்கு மறுநாள் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் ‘காணவில்லை’ படங்களைப் பாருங்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது நின்றுவிடும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். சரவெடிச் சத்தத்தில் மதில் தாண்டி ஓடிய நாய்க்கு வீட்டு வழி தெரிவதில்லை.

---
பெட்டிச் செய்தி: கடித்துவிட்டால்...

வீட்டு நாயானாலும், குட்டியானாலும், பல் கீறியதுதான் என்றாலும் அலட்சியம் கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடுப்பூசி இலவசம். ரத்தம் வந்த காயமென்றால் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை தவணை சொல்கிறார்களோ அத்தனையும் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் பலனில்லை.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் பழங்கதை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். நம் குன்னூரிலேயே 1907-லிருந்து பாஸ்டர் ஆய்வகம் இந்த நோய்க்கு எதிராக வேலை செய்துவருகிறது.

---

கயிறு யார் கையில்?

2024 மே மாதம், சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்கா. ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது; உரிமையாளர் கைதானார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரே போனது. இந்த இரண்டு சம்பவங்களும்தான் உரிமக் கெடுபிடிக்குப் பின்னணி.

இதற்கு முன் 2024 மார்ச்சில், பிட்புல், ராட்வைலர் உட்பட 23 வகை நாய்களின் விற்பனையையும் வளர்ப்பையும் தடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எந்த இனம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் கருத்து இதுதான்: காவலுக்கும் சண்டைக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய, தாடை பலம் மிகுந்த நாயை, நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி, யாரோடும் பழகவிடாமல் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் வளர்ப்பது அந்த நாய்க்கும் கொடுமை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து. பெருமைக்காக நாய் வாங்குபவர்கள் அதிகமாகத் தேர்ந்தெடுப்பதும் இவற்றைத்தான். “எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க” என்ற வார்த்தையை நம்பிக் கடிபட்டவர்கள் எத்தனை பேர்! பண்ணாது என்பது உங்களுக்குத் தெரியும். எதிரே வரும் குழந்தைக்குத் தெரியாது. அதற்குத்தான் கயிறு.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு இதை நேரடியாகச் சொல்கிறது. தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே மாநகராட்சி உரிமத்தை நான் ஆதரிக்கிறேன். 2025-ல் அதற்குக் கட்டணம் 50 ரூபாய்தான். தோலுக்கு அடியில் அரிசி மணி அளவுக்குப் போகும் மைக்ரோசிப், நாய் தொலைந்தால் திரும்பக் கிடைக்க உதவும். ஓர் இரவில் யாரோ காரில் கொண்டுவந்து பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போனால், அந்த ஆள் யார் என்றும் சொல்லும்.

‘டு-லெட்’ பலகையின் கீழே

வாடகை வீட்டில் இருப்பவருக்கு நாய் என்பது ஒவ்வொரு பதினோரு மாதத்துக்கும் ஒரு பரீட்சை. “வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?” என்ற கேள்விக்கு அடுத்தது “நாய் கீய் இருக்கா?” என்பதுதான். மறைத்துக் குடியேறி, குரைப்பில் மாட்டிக்கொண்டு, நடு வருஷத்தில் வீடு தேடி அலைந்தவர்கள் நிறைய. சொந்த ஃப்ளாட்டிலோ வேறு போராட்டம்: லிஃப்டில் ஏற்றாதே, பார்க் பக்கம் வராதே, குரைத்தால் ஐந்நூறு ரூபாய்.

இதில் சட்டம் நாய் வளர்ப்பவர் பக்கம் இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டைப் பயன்படுத்தத் தடை விதிக்கவும் முடியாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்த வாரியமே சென்னையில் பிறந்ததுதான். மாநிலங்களவையில் இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1962-ல் வாரியம் அமைந்து அவரே முதல் தலைவரானார்.

ஆனால் சட்டத்தைக் காட்டி அண்டை வீட்டாரோடு வாழ்ந்துவிட முடியாது. நாய் போட்டதை அள்ளக் கையில் ஒரு கவர் கொண்டுபோகாதவருக்கு அந்த வழிகாட்டுதலைப் பற்றிப் பேச என்ன உரிமை? அதே வழிகாட்டுதலே வளர்ப்பவர் சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. பெரும்பாலான சண்டைகள் அந்த ஒரு கவரில் முடிந்துவிடும்.

வீட்டுக்குள்ளும் சுமை உண்டு. உறவில் கல்யாணம் என்றால் ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். ரயிலில் கொண்டுபோக வேண்டுமானால் ஏசி முதல் வகுப்பில் முழு கூபே கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியின் கூண்டு. மகன் ஆசையாக வாங்கிய லேப்ரடார், மகன் வெளிநாடு போனதும் அப்பா அம்மா தலையில் விழுகிறது. முப்பது கிலோ நாய் ஒரு பூனையைப் பார்த்து இழுத்தால் எழுபது வயதுக்காரர் என்ன செய்வார்? இடுப்பெலும்பு முறிந்து படுத்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த நாய்மேல் கோபம் இல்லை என்பதுதான் மனசை என்னவோ செய்கிறது.

ஐம்பது ரூபாய்க்கு ஒரு துரோகம்

இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதவே கை வராத பகுதி இது. ஊரடங்கு முடிந்து ஆபீஸ்கள் திறந்ததும், குட்டிகள் வளர்ந்ததும், தெருக்களில் பட்டையோடு திரியும் ஜாதி நாய்கள் தென்படத் தொடங்கின. விலங்கு நலக் காப்பகங்களின் வாசலில் விடியற்காலையில் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறார்கள். நெடுஞ்சாலை ஓரம், கோயில் வாசல், ஏரிக்கரை என்று இறக்கிவிடுகிறார்கள். குழந்தை பிறந்தது, வீடு மாறுகிறோம், தோல் நோய் வந்துவிட்டது என்று ஏதாவது ஒரு காரணம். அவற்றில் பல, குட்டி போட்டுச் சலித்த பெட்டை நாய்கள், அல்லது வயதான நாய்கள். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. தெரு நாய்கள் அதைத் தங்கள் எல்லைக்குள் விடாது. இறக்கிவிட்ட இடத்திலேயே, ஒவ்வொரு காரையும் பார்த்தபடி நாட்கணக்கில் நிற்கும்.

பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி விலங்கைக் கைவிடுவது 1960 சட்டப்படி குற்றம். தண்டனை? முதல் முறை என்றால் பத்திலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். பல பத்தாண்டுகளாக மாறாத தொகை. நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும். உரிமம் எடுக்காதவருக்கு 5,000 ரூபாய், நாயை நடுத்தெருவில் விட்டவருக்கு 50 ரூபாய் என்ற நிலை நீடிக்கக் கூடாது.

வாங்கும் இடத்திலேயே தவறு தொடங்குகிறது. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள் சந்தை ஓரம் அட்டைப்பெட்டியில் விலை பேசப்படுகின்றன. தாய்ப்பால் மறக்காத, கூடப் பிறந்தவற்றோடு விளையாடி ‘மெல்லக் கடி’ பழகாத குட்டி, பின்னாளில் நோயாளியாகவோ கடிக்கும் நாயாகவோ ஆவதற்கு வாய்ப்பு அதிகம்.

---
பெட்டிச் செய்தி: எந்த நாய்?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை நம் மண்ணின் பெயர் சொல்லும் இனங்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இவற்றைக் குறிப்பிட்டார். பெருமைப்படலாம். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டை நாய்கள். ஓட வெட்டவெளி வேண்டும். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாமை வருவதுண்டு. கைதட்டிப் பார்த்து வாங்க வேண்டும். ஃப்ளாட்டில் இருப்பவருக்கு, காப்பகத்திலிருந்து எடுக்கும் நாட்டுக் குட்டியைவிடப் பொருத்தமான நாய் இல்லை. நம் வெயில் அதற்குப் பழகியது, சாப்பாட்டில் பிகு இல்லை, விலையும் இல்லை.

---

கடைசி நாட்கள்

லேப்ரடார் பத்திலிருந்து பன்னிரண்டு வருஷம். கிரேட் டேனுக்கு ஆயுள் இன்னும் குறைவு. நாட்டு நாய் நன்றாக வளர்த்தால் பதினைந்தையும் தொடும். அதாவது, குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சும் அன்றே பிரிவின் தேதி ஏறக்குறைய எழுதப்பட்டுவிடுகிறது. ஐந்தாவது படிக்கும்போது வந்த நாய், பிள்ளை கல்லூரி முடிக்கும்போது போய்விடும். பல பிள்ளைகள் முதன்முதலாகப் பார்க்கும் மரணம் அதுதான்.

வயதாவது மெல்லத் தெரியும். முகவாயில் நரை வரும். சோபாவில் ஏறப் பின்னங்கால் ஒத்துழைக்காது. கண்ணில் நீலம் பூக்கும். கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்பும். வாழ்நாள் முழுக்க வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காத நாய், ஒரு நாள் படுத்த இடத்திலேயே போய்விட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் போய் நிற்கும். திட்டாதீர்கள். அதற்கு வெட்கமாக இருக்கிறது. டைல்ஸ் தரையில் கால் வழுக்காமல் இருக்க, பழைய கோணிகளையும் மிதியடிகளையும் வரிசையாகப் போட்டு வழி செய்துகொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு சிறுநீரகம் செயலிழக்கும், அல்லது கட்டி வரும். ஒரு கட்டத்தில் மருத்துவர் தயங்கித் தயங்கி, “இதுக்கு மேல கஷ்டப்பட விட வேணாமே” என்பார். இதைவிடக் கடினமான முடிவு ஒரு குடும்பத்துக்கு அதிகம் வராது. அம்மா மறுப்பார்; பிள்ளை அழும்; அப்பா வெளியே போய் நிற்பார். என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் குறையும். முதலில் மயக்க ஊசி. நாய் தூங்கிய பிறகு, நரம்பில் அளவுக்கு அதிகமான மயக்க மருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும், வலி தெரியாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன்: வெளியே போய் நிற்காதீர்கள். அந்த மேசையில் அது தேடுவது உங்கள் முகத்தைத்தான். தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

அதன் பிறகு வரும் துக்கத்துக்கு ஊரில் சடங்கு இல்லை. ஆபீசில் லீவு கேட்டால் “நாய்தானே” என்பார்கள். சொந்த மண் உள்ளவர்கள் கொல்லையில் மாமரத்தடியில் புதைத்து, மேலே ஒரு கல் வைக்கிறார்கள். ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்குப் புதைக்க ஆறடி மண்கூட இல்லை. ராத்திரியில் எங்கே கொண்டுபோவது என்று போனில் விசாரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நாய் வளர்ப்பவர்களிடம் உரிமம் கேட்கும் ஒவ்வொரு மாநகராட்சியும், அவற்றைக் கௌரவமாக அடக்கம் செய்யவோ எரிக்கவோ மண்டலத்துக்கு ஓர் இடமாவது ஒதுக்க வேண்டும். இது ஆடம்பரக் கோரிக்கை இல்லை. பொதுச் சுகாதாரத்துக்கும் அவசியம்.

வீட்டில் பல நாள் பழக்கம் மாறாது. சாப்பிட்டு முடித்த தட்டில் ஒரு வாய் சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு நினைவு வரும். “இனி நாயே வேணாம்” என்பார்கள். சிலர் அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறார்கள். பலர் ஒரு வருடத்தில் இன்னொரு குட்டியோடு வேப்பேரி வரிசையில் நிற்கிறார்கள். இரண்டுமே சரிதான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நாய் வாங்க நினைப்பவர்கள், குட்டியின் படத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். காலை ஐந்து மணிக்கு யார் கூட்டிப்போவது, உடம்புக்கு வந்தால் எந்தப் பணத்தில் பார்ப்பது, வெளியூர் போனால் யார் வீட்டில் விடுவது, பத்து வருடம் கழித்து இந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றாலும் இப்போது வாங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் காப்பகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உதவி செய்யுங்கள், அங்கே ஆள் தேவை.

ஏற்கனவே நாய் வைத்திருப்பவர்கள், இந்த இதழை மூடியதும் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ரேபிஸ் ஊசிக்குத் தேதி தாண்டியிருந்தால் நாளைக் காலையே கூட்டிப்போய்ப் போட்டுவிடுங்கள்.